ஆஸ்லோ விருந்து, 2021 நவம்பர் 26: இரண்டு டோஸ் போட்டவர்களிடையே ஒமைக்ரான் பரவிய விதம் (நிகழ்வு ஆய்வு)

2021 டிசம்பர் முதல் வாரத்தில் ஒரே செய்தி என் வாட்ஸ்அப்பில் ஆறேழு குழுக்களிலிருந்து வந்து விழுந்தது. நார்வேயில் ஒரு விருந்து, வந்தவர்கள் எல்லோரும் ஊசி போட்டவர்கள், பாதிக்கு மேல் கொரோனா. அதன் கீழே வழக்கமான கேள்வி: "அப்புறம் ஊசி எதுக்கு?" கேட்டவர்களில் இரண்டு பேர் மருத்துவர்கள்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதற்குள் மூன்று கேள்விகள் சிக்கிக்கிடக்கின்றன. ஊசி எதைத் தடுக்கிறது, எந்த வைரஸிடமிருந்து தடுக்கிறது, எத்தனை நாளுக்குத் தடுக்கிறது என்று அவற்றைப் பிரித்தெடுக்க இந்த ஒரே நிகழ்வு போதும். விருந்தினர்களின் பெயரோ நிறுவனத்தின் பெயரோ நமக்குத் தேவையில்லை. நார்வே பொது சுகாதார நிறுவனமும் ஆஸ்லோ நகராட்சியும் விசாரித்து மூன்றே வாரத்தில் முடிவுகளை வெளியிட்டுவிட்டதால், நடந்தது என்ன என்பது நன்றாகவே பதிவாகியிருக்கிறது.

பின்னணி

2021 செப்டம்பர் 25 அன்று நார்வே கட்டுப்பாடுகளை விலக்கியது. முதல் ஊரடங்கிலிருந்து 561 நாட்கள் ஆயிற்று என்று பிரதமர் கணக்குச் சொன்னார். நாட்டின் தடுப்பூசித் திட்டம் அப்போது முழுக்க ஃபைசர், மாடர்னா என்ற இரண்டு எம்ஆர்என்ஏ ஊசிகளை நம்பியிருந்தது. ரத்தம் உறையும் அரிய பக்கவிளைவு தெரியவந்ததும் ஆஸ்ட்ராஜெனகாவை அந்த வசந்தத்திலேயே நிறுத்திவிட்டார்கள். முதியவர்களுக்குப் பூஸ்டர் தொடங்கியிருந்தது. முப்பது, நாற்பது வயதுக்காரர்களில் பெரும்பாலோர் கோடை முடிகிற நேரத்தில்தான் இரண்டாவது டோஸ் போட்டிருந்தார்கள்.

இது கவனிக்க வேண்டிய இடம். விருந்துக்கு வந்தவர்களின் ஊசி பழசாகிவிட்டது என்று சொல்ல முடியாது. பலருக்கு இரண்டு, மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அதுவரை பரவிவந்த டெல்டா திரிபு மட்டும் சுற்றிக்கொண்டிருந்தால் அந்தப் பாதுகாப்பு நன்றாகவே நின்றிருக்கும்.

அதே நேரத்தில் பூமியின் மறுகோடியில், தென்னாப்பிரிக்காவின் கௌடெங் மாகாண ஆய்வகங்களில் பிசிஆர் முடிவுகள் விசித்திரமாக வரத் தொடங்கின. அங்கே பயன்படுத்திய ஒரு வகைச் சோதனை வைரஸின் மூன்று மரபணுப் பகுதிகளைத் தேடும். மாதிரியில் வைரஸ் நிறைய இருந்தும் மூன்றில் ஒன்று, வைரஸின் மேற்பரப்பில் முள்போல நீட்டி நிற்கும் ஸ்பைக் புரதத்துக்கான பகுதி, அகப்படவில்லை. டெல்டாவில் அப்படி நடப்பதில்லை. மரபணு வரிசையைப் பிரித்துப் பார்த்தார்கள். நவம்பர் 24 அன்று உலக சுகாதார நிறுவனத்துக்குத் தகவல் போயிற்று. 26 அன்று அதற்கு ஒமைக்ரான் என்று பெயர் வைத்து, கவலைக்குரிய திரிபு என்று அறிவித்தார்கள்.

விருந்துக்கு வந்தவர்களில் ஒருவர் தென்னாப்பிரிக்காவிலிருந்து ஆஸ்லோ திரும்பியது நவம்பர் 24. விருந்து நடந்தது நவம்பர் 26. அந்தப் பயணி மீது பழி போட ஒன்றுமில்லை. அவர் விமானம் ஏறியபோது அந்த வைரஸுக்குப் பெயர்கூட இல்லை. அங்கிருந்து வருவோர் மீது நாடுகள் கட்டுப்பாடு விதிக்கத் தொடங்கியதே 25, 26 தேதிகளில்தான்.

விருந்து நடந்த மாலை

நார்வேயில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் அலுவலகங்கள் நடத்தும் விருந்துக்கு 'யூலெபூர்' என்று பெயர். நீண்ட மேசைகள், பன்றி விலாக்கறி, அக்வாவிட் மது, பிறகு ஆட்டம். முந்தைய ஆண்டு கொரோனாவால் தவறிப்போனதை எல்லோரும் ஆவலோடு எதிர்பார்த்திருந்தார்கள். நவம்பர் கடைசியில் ஆஸ்லோவில் பிற்பகல் மூன்றரைக்கே இருட்டிவிடும். குளிருக்கு ஜன்னலைத் திறக்கும் பேச்சே இல்லை.

சுமார் 120 பேர் உணவகம் ஒன்றின் தனிக்கூடத்தில் கூடினார்கள். இரவு பத்தரை வரை அது அவர்களுக்கு மட்டுமான இடம். அதன்பின் உணவகம் பொதுமக்களுக்குத் திறந்தது. விருந்தினர் பலர் அங்கேயே தங்கி மற்றவர்களோடு கலந்தார்கள். உரத்த இசை ஓடும் இடத்தில் காதருகே குனிந்து கத்தித்தான் பேச வேண்டும். காற்றில் பரவும் வைரஸுக்கு அது தனி வசதி.

ஏற்பாட்டாளர்கள் அலட்சியமாக இருக்கவில்லை. தடுப்பூசி போட்டிருப்பதும், விருந்துக்கு ஓரிரு நாள் முன்பு ரேபிட் டெஸ்டில் நெகட்டிவ் வருவதும் எதிர்பார்க்கப்பட்டன. அன்றைய அறிவுரைகளின்படி இது கொஞ்சம் கூடுதல் எச்சரிக்கை என்றே சொல்லலாம்.

கவனிக்கப்பட்டவை

நவம்பர் 30 அன்று, விருந்தில் கலந்துகொண்ட ஒருவருக்குத் தொற்று உறுதியானதாக அதிகாரிகளுக்குத் தகவல் வந்தது. விருந்தில் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தவர் ஒருவர் இருந்ததும் தெரிந்தது. பட்டியலில் இருந்த 117 பேரையும் தொடர்புகொண்டார்கள். 111 பேர் விவரம் தந்தார்கள். இப்படிப்பட்ட விசாரணையில் இவ்வளவு பேர் பதில் சொல்வது அபூர்வம். நம் ஊரில் ஒரு கல்யாண வீட்டு வாந்திபேதியை விசாரிக்கப் போனால் பாதிப் பேர் "நான் சாப்பிடவே இல்லை" என்பார்கள்.

66 பேருக்குத் தொற்று உறுதியாகியிருந்தது. மேலும் 15 பேர் அறிகுறிகளை வைத்து 'இருக்கக்கூடும்' என்ற வகையில் சேர்க்கப்பட்டார்கள். இரண்டையும் கூட்டினால் வந்தவர்களில் நான்கில் மூன்று பங்கு. இடைநிலை வயது 38. 89 சதவீதம் பேர் எம்ஆர்என்ஏ ஊசியின் முழு டோஸ்களையும் முடித்தவர்கள். பூஸ்டர் போட்டவர் யாருமில்லை.

அறிகுறி தொடங்க ஆன காலம் பெரும்பாலும் மூன்று நாள். டெல்டாவுக்கு நான்கு நாள் அளவிலும், 2020-இன் முதல் வைரஸுக்கு ஐந்து நாளுக்கு மேலும் ஆனது. இருமல் 83 சதவீதம் பேருக்கு, மூக்கொழுகல் 78, சோர்வு 74, தொண்டை வலி 72, தலைவலி 68, காய்ச்சல் 54. நோயுற்றவர்களில் ஏறக்குறைய எல்லோருக்குமே அறிகுறி இருந்தது. ஆகவே "ஊசி போட்டதால் தெரியாமலே வந்து போயிற்று" என்று சொல்ல வழியில்லை. அதே சமயம், டிசம்பர் நடுப்பகுதி வரை கண்காணித்ததில் ஒருவர்கூட மருத்துவமனையில் சேர்க்கப்படவில்லை. பத்தரைக்குப் பிறகு அதே உணவகத்துக்கு வந்த வேறு பலருக்கும் தொற்று ஏற்பட்டது.

வாட்ஸ்அப் கேள்வி வழுக்கி விழும் இடம் இதுதான். ஊரில் எல்லோரும் செருப்புப் போட்டு நடந்தால், முள் குத்தியவர்கள் எல்லோருமே செருப்புப் போட்டவர்களாகத்தான் இருப்பார்கள். செருப்பு எத்தனை முள்ளைத் தடுத்தது என்று தெரிய வேண்டுமானால், வெறுங்காலில் நடந்தவர்களும் போதுமான எண்ணிக்கையில் வேண்டும். இந்த விருந்தில் அவர்கள் மிகச் சிலர். எனவே தடுப்பூசியின் செயல்திறன் இத்தனை சதவீதம் என்று இதிலிருந்து கணக்கிடவே முடியாது. விசாரித்தவர்களும் அப்படிக் கணக்கிடவில்லை. ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம். அண்மையில் இரண்டு டோஸ் முடித்த, ஆரோக்கியமான நடுவயதுக்காரர்கள் நிறைந்த ஒரு கூடத்தில் நான்கில் மூன்று பேருக்குப் பரவுகிறது என்றால், அந்த வைரஸிடம் தொற்றைத் தடுக்கும் வேலை பெரிதாக நடக்கவில்லை.

வைரஸில் மாறியது என்ன

அன்று பயன்பாட்டில் இருந்த கொரோனா தடுப்பூசிகள் பெரும்பாலும் 2020 ஜனவரியில் சீனாவிலிருந்து வெளியான மூல வைரஸை வைத்துச் செய்யப்பட்டவை. எம்ஆர்என்ஏ ஊசி அதன் ஸ்பைக் புரதத்தைச் செய்யும் குறிப்பை நம் செல்களிடம் கொடுக்கிறது. ஸ்பைக் என்பது 1,273 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. அதில் ஏறத்தாழ 220 அமிலங்கள் கொண்ட ஒரு துண்டுதான் நம் செல்லின் ஏஸ்2 என்ற ஏற்பியைப் பிடிக்கும் கை. வைரஸை முடக்கும் ஆன்டிபாடிகளில் பெரும்பங்கு அந்தக் கையைக் குறிவைக்கின்றன.

ஒமைக்ரானின் ஸ்பைக்கில் 30-க்கு மேற்பட்ட மாற்றங்கள். அவற்றில் 15 அந்தச் சிறு துண்டுக்குள்ளேயே. 417-ஆம் இடத்தில் இருந்த லைசின் அஸ்பரஜினாகிவிட்டது. 484-இல் இருந்த குளூட்டாமிக் அமிலம் அலனினாகிவிட்டது. மின்னேற்றம் உள்ள ஓர் அமிலம் போய் அது இல்லாத ஒன்று வந்து உட்கார்ந்தால், அந்த மின்னேற்றத்தைப் பற்றி ஒட்டிய ஆன்டிபாடிக்குப் பிடி நழுவும். ஓரிடத்தில் நழுவினால் மற்ற ஆன்டிபாடிகள் சமாளிக்கும். ஒரே துண்டில் 15 இடம் மாறும்போது சமாளிப்பது கடினம். இதை வைரஸ் திட்டமிட்டுச் செய்யவில்லை. நகலெடுக்கும்போது பிழை விழும். கோடிக்கணக்கான நகல்களில், ஏற்கெனவே எதிர்ப்பு உள்ளவர்களிடம் நுழைய முடிந்த பிழை பெருகும். மக்களிடம் எதிர்ப்பு எந்தப் பக்கம் அழுத்துகிறதோ, அந்தப் பக்கம் மாறியதுதான் தங்கும்.

விருந்து முடிந்து பதினோரு நாளில், டிசம்பர் 7 அன்று, டர்பனில் உள்ள ஆப்பிரிக்க சுகாதார ஆய்வு நிறுவனம் ஆய்வக முடிவை வெளியிட்டது. ஃபைசர் போட்டவர்களின் ரத்தம் ஒமைக்ரானை முடக்கும் திறன் பல பத்து மடங்கு குறைந்திருந்தது. மறுநாள் ஃபைசர் நிறுவனமே இரண்டு டோஸில் சுமார் 25 மடங்கு குறைவு என்றது. மூன்றாவது டோஸ் அந்த இழப்பை ஏறக்குறைய ஈடுகட்டுகிறது என்றும் சொன்னது.

அப்படியானால் ஏன் யாரும் மருத்துவமனைக்குப் போகவில்லை? வயது ஒரு காரணம். அந்த வைரஸ் டெல்டாவைவிட நுரையீரலைக் குறைவாகத் தாக்கியதும் காரணம். மூன்றாவது காரணம் டி செல்கள் என்ற நோயெதிர்ப்பு வெள்ளணுக்கள். பழனிக்குப் போய் மொட்டை போட்டு, மீசையும் எடுத்துவிட்டு வரும் அப்பாவைப் பார்த்துக் கைக்குழந்தை அலறும். அவர் வாயைத் திறந்து கூப்பிட்டதும் அடங்கிவிடும். முகம் மாறியிருந்தாலும் குரல் மாறவில்லை. ஆன்டிபாடி முகத்தைப் பார்க்கிறது. டி செல்களோ ஸ்பைக்கின் நீளம் முழுவதிலுமிருந்து வெட்டப்பட்ட சிறு துண்டுகளை அடையாளம் காண்கின்றன. 30 மாற்றங்கள் அவற்றில் சிலவற்றைத்தான் தொடும். கேப்டவுன் ஆய்வாளர்கள் அளந்தபோது டி செல்களின் பதில்வினை 70 முதல் 80 சதவீதம் வரை அப்படியே இருந்தது. டி செல்லால் வைரஸ் மூக்கில் நுழைவதைத் தடுக்க முடியாது. நுழைந்த பிறகு, தொற்றிய செல்களைக் கண்டு அழிக்கும். விருந்தினர்கள் இருமினார்கள், காய்ச்சலில் படுத்தார்கள், ஆனால் மூச்சுத் திணறவில்லை என்பதில் இதற்கும் பங்கு உண்டு.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு: முழு மரபணு வரிசை வரும்வரை காத்திருக்கவில்லை. அதற்குப் பல நாள் ஆகும், அறிகுறியோ மூன்றே நாளில் வந்துவிடுகிறது. சந்தேகம் வந்ததுமே எல்லா விருந்தினர்களையும் பிசிஆருக்கு அனுப்பி, வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். அதுவரை முழு டோஸ் போட்டவர்களுக்குத் தனிமைப்படுத்தலில் இருந்த தளர்வு, ஒமைக்ரான் தொற்றியவரோடு பழகியவர்களுக்குக் கிடையாது என்றார்கள். இந்த நிகழ்வில் மிகச் சரியான முடிவு இதுதான் என்பது என் கருத்து. தடுப்பூசிச் சான்றிதழ் பழைய வைரஸுக்கு வாங்கியது என்பதை நிர்வாகம் மூன்று நாளில் ஒப்புக்கொண்டது.

இரண்டாவது: டிசம்பர் 3 முதல் ஆஸ்லோவிலும் சுற்றுப்பகுதியிலும் முகக்கவசம், வீட்டிலிருந்து வேலை, விருந்துகளில் எண்ணிக்கை வரம்பு. டிசம்பர் 13 அன்று நாடு முழுவதும் உணவகங்களில் மது பரிமாறத் தடை அறிவிக்கப்பட்டது. யூலெபூர் காலத்தில் இது எவ்வளவு கசப்பான முடிவு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது: பூஸ்டரை வேகப்படுத்துவது. ராணுவத்தின் உதவியையும் கேட்டார்கள். 45 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் ஜனவரி நடுப்பகுதிக்குள் மூன்றாவது டோஸ் என்று இலக்கு வைத்தார்கள். அடிக்கடி கேட்கப்படும் சந்தேகம் ஒன்று உண்டு: அதே பழைய ஊசியை மறுபடி போட்டு, மாறிய வைரஸை எப்படித் தடுப்பது? இரண்டு வழிகளில் தடுக்கும். ஒன்று, அளவு. பிடி தளர்ந்த ஆன்டிபாடியும் பல மடங்கு எண்ணிக்கையில் இருந்தால் வேலை நடக்கும். இன்னொன்று, தரம். இரண்டாவது டோஸுக்குப் பிந்தைய மாதங்களில் நிணநீர் முடிச்சுகளுக்குள், ஆன்டிபாடியைச் செய்யும் பி செல்கள் தங்கள் ஆன்டிபாடியைச் செதுக்கிக்கொண்டே இருக்கின்றன. மாறாத பகுதிகளை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும் வகைகள் அப்படி உருவாகின்றன. மூன்றாவது டோஸ் அவற்றை எழுப்பிவிடுகிறது. டோஸ்களுக்கு இடையே மாதக்கணக்கில் இடைவெளி விடுவதன் பயனும் இதுவே. இந்தியாவில் 2022 ஜனவரி 10 அன்று 'முன்னெச்சரிக்கை டோஸ்' என்ற பெயரில் தொடங்கியதும் இதுதான். பூஸ்டர் என்ற சொல்லைத் தவிர்த்ததில் குழப்பம் கூடியதுதான் மிச்சம்.

தொடர்ந்தவை

இங்கிலாந்தின் பெரிய அளவிலான தரவு வந்தபோது, ஆஸ்லோ கூடத்தில் கண்டதற்கு எண்கள் கிடைத்தன. ஃபைசர் இரண்டு டோஸ், அறிகுறியுள்ள ஒமைக்ரான் தொற்றுக்கு எதிராக இரண்டு முதல் நான்கு வாரத்தில் 65.5 சதவீதப் பாதுகாப்பைத் தந்தது. 25 வாரம் தாண்டியதும் அது 8.8 சதவீதம். மூன்றாவது டோஸ் அதை 67.2-க்கு உயர்த்தியது. பத்து வாரத்துக்குப் பிறகு 45.7.

இதே காலத்து அமெரிக்க மருத்துவமனைத் தரவை அருகில் வைத்தால் வேறொரு காட்சி. ஒமைக்ரானால் மருத்துவமனையில் சேர்வதற்கு எதிராக, இரண்டாவது டோஸ் போட்டு ஆறு மாதம் தாண்டியவர்களுக்கு 57 சதவீதம், மூன்றாவது டோஸ் போட்டவர்களுக்கு 90 சதவீதம் பாதுகாப்பு. ஒரே ஊசிக்கு இத்தனை எண்கள் இருப்பது முரண்பாடல்ல. 'எதற்கு எதிராக', 'எப்போது' என்ற இரண்டு சொற்களைச் சேர்க்காமல் ஊசியின் திறன் இத்தனை சதவீதம் என்று யார் சொன்னாலும், அதற்குப் பொருள் இல்லை.

பூஸ்டர் போட்டிருந்தால் அந்த விருந்து தப்பித்திருக்குமா? இதற்கு ஓரளவு விடை வட அட்லாண்டிக்கில் உள்ள ஃபாரோ தீவுகளிலிருந்து வந்தது. அதே டிசம்பர் தொடக்கத்தில் 33 பேர் கூடிய ஒரு தனிப்பட்ட சந்திப்பு. அத்தனை பேரும் சுகாதாரப் பணியாளர்கள், அத்தனை பேரும் மூன்று டோஸ் முடித்தவர்கள். 21 பேருக்கு ஒமைக்ரான். அறிகுறி ஒரு நாள் முதல் ஒன்பது நாள் வரை நீடித்தது. யாருக்கும் கடுமையாகவில்லை. ஒரு கூடம், சில மணி நேரம், நெருக்கம் என்ற சூழலில் மூன்றாவது டோஸும் கதவை அடைத்துவிடவில்லை. ஆஸ்லோவை மட்டும் காட்டிப் பூஸ்டருக்கு விளம்பரம் செய்பவர்கள் ஃபாரோவையும் சேர்த்துக் காட்ட வேண்டும்.

ஆஸ்லோவின் கட்டுப்பாடுகள் நெடுநாள் நீடிக்கவில்லை. தொற்று ஏறிக்கொண்டே போனாலும் தீவிர நோய் அதற்கு ஈடாக ஏறவில்லை. 2022 பிப்ரவரி 12 அன்று நார்வே ஏறக்குறைய எல்லாவற்றையும் விலக்கிக்கொண்டது.

ஒமைக்ரானுக்கென்றே செய்த ஊசியின் கதை வேறு. வரிசை கையில் கிடைத்தது 2021 நவம்பரில். பழையதும் ஒமைக்ரானும் கலந்த இருதிரிபு ஊசிக்கு இங்கிலாந்து அனுமதி தந்தது 2022 ஆகஸ்டில். ஆய்வகத்தில் புதிய வரிசையை எழுதச் சில நாள் போதும். சோதனை, உற்பத்தி, அனுமதி எல்லாம் சேர்ந்து ஒன்பது மாதம் தின்றுவிட்டன. அதற்குள் முதல் ஒமைக்ரான் போய், அதன் வழிவந்த பிஏ.5 பரவிக்கொண்டிருந்தது. 2023-இல் ஊசியை எக்ஸ்பிபி.1.5-க்கு மாற்றினார்கள், 2024-இல் ஜேஎன்.1 வழிக்கு. இன்ஃப்ளுயன்சாவுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை திரிபைத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு நெடுங்காலமாக நடந்துவருகிறது. கொரோனாவும் அந்த வரிசையில் போய்ச் சேர்ந்தது. மறுபக்கம், 1954-இல் ஒரு சிறுவனிடமிருந்து எடுத்த தட்டம்மை வைரஸின் வழிவந்த ஊசி இன்றும் வேலை செய்கிறது. தட்டம்மையும் மாறுகிறது. ஆனால் செல்லைப் பிடிக்கும் பகுதியை மாற்றிக்கொண்டு அதனால் பிழைத்திருக்க முடியவில்லை.

மறுபடி நடந்தால் மாற்ற வேண்டியவை

சோதனையின் நேரம் முதலில். ஓரிரு நாள் முன்பு எடுத்த ரேபிட் டெஸ்ட், மூன்று நாளில் அறிகுறி காட்டும் வைரஸுக்கு மிகப் பழைய செய்தி. வாசலில், அன்றைக்கே எடுத்திருந்தால் சிலரையாவது பிடித்திருக்கலாம். எல்லோரையும் அல்ல.

காற்று அடுத்து. வைரஸ் எந்தத் திரிபாக இருந்தாலும் அதே பலன் தருவது காற்றோட்டம்தான். விருந்துக்கு முன்பு யோசித்த இரண்டும், ஊசியும் டெஸ்டும், ஆட்களைப் பற்றியவை. கூடத்தைப் பற்றி ஒரு நிபந்தனைகூட இல்லை.

சான்றிதழ் பற்றி எனக்குக் கடுமையான அபிப்பிராயம் உண்டு. 'முழுமையாகத் தடுப்பூசி போட்டவர்' என்ற சொல்லே தவறான நிம்மதியைத் தந்தது. அதில் கடைசி ஊசி எப்போது, எந்தத் திரிபுக்கு என்ற விவரங்கள் முன்னால் வர வேண்டும். எத்தனை டோஸ் என்பது அவற்றுக்குப் பிறகு வந்தால் போதும்.

பூஸ்டரை யாருக்கு, எதற்காகப் போடுகிறோம் என்பதை நார்வே அடுத்த ஆண்டே தெளிவாக்கிக்கொண்டது. 2022 இலையுதிர் காலத்தில் 65 வயதுக்கு மேற்பட்டவர்கள், நாட்பட்ட நோயுள்ளவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோருக்குத்தான் மறு பூஸ்டர் பரிந்துரைக்கப்பட்டது. அந்த விருந்தில் இருந்த முப்பது, நாற்பது வயதுக்காரர்களில் பெரும்பாலோர் அந்தப் பட்டியலில் வரமாட்டார்கள்.